தோலில் செய்த சக்கர மூடி

காலையில் காரைத் துடைக்கப் போன டிரைவர் வேலாயுதம் துணியைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கவேண்டிய நிக்கல் மூடியைக் காணோம்.

அவருடைய முதலாளி ஆம்பூர்த் தோல் மண்டி ஜியாவுதீன் சாயபு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய வண்டி அது. முந்தைய டிரைவர் ஹாரன் பந்தைத் தொலைத்தான். அன்றைக்கே வேலை போயிற்று. வேலாயுதத்துக்கோ கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் மூன்று பேர். வண்டியைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்திருந்தார். இப்போது யார்மேல் பழி போடுவது?

மூடியில்லாத பக்கத்தைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வேலூரில் பழைய சாமான் விற்கும் வாஹித் பாஷாவிடம் ஓடினார்.

"இந்த மாடலா? சீமையிலயே செய்யறத நிறுத்திட்டாங்க."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"இருந்தா ஒளிச்சி வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்?"

ஆம்பூர்க்காரருக்கு அடுத்த யோசனை வேறென்ன வரும்? தோல்தான். மண்டியில் கிடந்த, செருப்பின் அடியில் வைத்துத் தைக்கிற கெட்டித் தோலை ஊறவைத்து, இன்னொரு மூடிமேல் இழுத்துக் கட்டிக் காயவைத்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்றுதான் இருந்தது. அதுவே வினையாயிற்று. பக்கத்தில் அசல் மூடிகள் மூன்றும் அழுது வடிந்தன.

அவற்றை ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்தார். மூன்றும் நெளிந்து திரும்பி வந்தன.

"பிரியாணி தேக்சாவுக்குப் பூசுற கை. நெருப்பு கொஞ்சம் ஜாஸ்தி ஆய்டுச்சு" என்றார் அவர்.

வேறு வழியில்லை. நாலு சக்கரத்துக்கும் தோல் மூடி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சாயபுவும் அவர் மனைவி முனவ்வர் பேகமும் வேலூருக்குக் கிளம்பினார்கள். பள்ளிகொண்டாவில் டீக்கு நிறுத்தியதுதான் தாமதம், தெருநாய்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. வேலாயுதம் விரட்டி முடிப்பதற்குள் இரண்டு மூடி போயிற்று. மூன்றாவதை ஒரு நாய் சாயபுவின் காலடியிலேயே போட்டு மென்றது.

சாயபு அதைப் பிடுங்கி, வளைத்து, முகர்ந்து பார்த்தார்.

"இது நம்ம மண்டித் தோலாச்சே?"

வேலாயுதம் உடைந்துபோனார். நடுத்தெரு என்றும் பாராமல் கண்ணீர் வழிய எல்லாவற்றையும் கொட்டினார். "பதினஞ்சு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை மொதலாளி. ஒரு மூடியக் காப்பாத்தத் தெரியல. என்ன அனுப்பிடாதீங்க."

சாயபு தோலை உருட்டியபடி ரங்கநாதர் கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதத்துக்கு உயிரே போய்விட்டது.

காரின் திரைக்குப் பின்னாலிருந்து பேகத்தின் குரல் வந்தது.

"நீ ஏம்ப்பா அழறே? போன வாரம் வெள்ளிக்கெழம நீ சாப்புடப் போனப்ப, வண்டி ஓட்டிப் பாக்கறேன்னு போய்ப் பாலாத்து மணல்ல மூடியத் தொலைச்சது இவருதான். தெரிஞ்சா நீ வேலைய விட்டுப் போய்டுவேன்னு பயந்து ராத்திரியெல்லாம் என்னத் தூங்க விடல."