நீலச் சாயமும் நார்வே மீனும்

திருப்பூரில் சூரியனோடு சண்டை போட்டுச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் மைனஸ் அண்ணன்தான். நிஜப் பெயர் கம்பெனிக்கே மறந்துபோயிருந்தது. மைனஸ் பதினெட்டு டிகிரிக்கு மேல் மீன் சூடாகக்கூடாது என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் கிடையாது. அதனால் மைனஸ்.

நான் மீன் வண்டி டிரைவர். அவர் டெலிவரி பார்ப்பவர். நார்வே சால்மன், வியட்நாம் பாசா. எல்லாம் உறைந்த மீன். கப்பலில் குளிர்ப்பெட்டிக்குள் கொச்சிக்கு வரும். அங்கிருந்து லாரியில் கோயமுத்தூர் கிடங்கு. அப்புறம் எங்கள் வண்டி. பனியன் ஆர்டர் கொடுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டலில் அவர்கள் ஊர் மீன் வேண்டுமாம். நம் பனியன் அங்கே போகிறது. அவர்கள் மீன் இங்கே வருகிறது. பனியன் வெயிலில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. மீன் அப்படியில்லை.

வழியில் யார் சொன்னாலும் மைனஸ் வண்டிக் கதவைத் திறக்க மாட்டார். ஒருமுறை போலீஸ் மறித்தது.

"பெட்டியத் தொறப்பா."

"தொறக்கறனுங்க. உங்க ஸ்டேஷன் ஃப்ரிட்ஜு எத்தன பெருசுங்க?"

"எதுக்குய்யா?"

"தொறந்துட்டா அத்தனையும் நீங்கதான் வெச்சுக்கோணும்."

போலீஸ்காரர் வண்டியைத் தட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

சட்டைப்பையில் எப்போதும் கம்பி தெர்மாமீட்டர். முதலாளி மகள் கல்யாணத்தில் ஐஸ்கிரீமில் குத்திப் பார்த்தார். பரிமாறிய பையனைக் கூப்பிட்டார். "கண்ணு, இது ஐஸ்கிரீம் இல்ல. பாயசம். டம்ளர்ல ஊத்திக் குடு." சம்பந்தி வீட்டார் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்கள்.

ஒரு சித்திரை மாதம். காலையில் அனுப்பர்பாளையம் தாண்டும்போது வண்டியின் குளிர் மெஷின் நின்றது. மைனஸ் போன் செய்தார். "வேற வண்டி அனுப்புங்க." முதலாளி "ஆகட்டும்" என்றார். வண்டி வரவில்லை. மெக்கானிக் வந்தார். மெஷினைப் பிரித்துப் போட்டார். சாமான் வாங்கப் போனவர் போனவர்தான். பொழுது சாய, திருப்பூரிலேயே இருக்கும் எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு வந்து சேர்ந்தோம். மைனஸ் மீனில் கம்பியைக் குத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக "பிளஸ்" என்றார்.

முதலாளி பனியன் தொழிலிலிருந்து மீனுக்கு வந்தவர். அசரவில்லை.

"மறுக்கா உறைய வெச்சிரு. ஓட்டலுக்கு வேண்டாம். லைன் ஊட்டுப் பக்கம் பனியன் கம்பெனி ஆளுக திங்கற மெஸ்ஸுகளுக்குப் பாதி விலைல தள்ளிரலாம். செகண்ட்ஸ்."

"மீன்ல செகண்ட்ஸ் கெடையாதுங்க."

"ஓட்டை பனியன செகண்ட்ஸ்னு விக்கறதில்லையா?"

"ஓட்டை பனியனப் போட்டவன் வேலைக்குப் போவானுங்க. இதத் தின்னவன் ஆஸ்பத்திரிக்குப் போவானுங்க."

"சரக்கு என்னுது. நீ கூலிக்காரன். எறக்கி உள்ள வைடா."

"சரிங்க" என்று மைனஸ் வெளியே போனார். பணிந்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து வாளி நிறைய நீலச் சாயத்தோடு திரும்பினார். பெட்டி பெட்டியாக ஊற்றி, வெறுங்கையால் மீன் மேலெல்லாம் தேய்த்தார். நான் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். நார்வே மீன் நீலமாகிவிட்டது.

முதலாளி ஓடி வந்தார். "டேய்! என்னடா பண்ற?"

"இனி நீங்க சும்மா குடுத்தாலும் ஆரும் வாங்க மாட்டாங்க."

"கழுவுடா அத!"

"போகாதுங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

அவர் வேலை போயிற்று. என் வேலையும்தான். மீன் குழிக்குப் போயிற்று. லைன் வீட்டு ஆட்கள் அன்றைக்கு மெஸ்ஸில் முட்டைக் குழம்பு தின்றுவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அடுத்த வாரம் கோயிலில் என் மகளுக்கு முதல் சோறு ஊட்டினோம். மைனஸ் வந்திருந்தார். கை முழங்கை வரை நீலம். நகக்கண்ணெல்லாம் நீலம். அவரை ஊட்டச் சொன்னேன். மாமனார் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏனுங்க மாப்ள, அந்தக் கையாலயா?"

மைனஸ் காதில் விழுந்துவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பாப்பாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

"ஊட்டுங்கண்ணா. இந்தக் கை குடுத்தா எதையும் நம்பித் திங்கலாம்."

அவர் நீலக் கையால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். பாப்பா வாயைத் திறந்தாள்.