ஓரிக்கைப் பிணம் எழுந்து உட்கார்ந்த விவரம்

அன்பும் கோபமும் ஒருங்கே வாய்ந்த மச்சான் ஜான்சன் அவர்களுக்கு, ஐயம்பேட்டையிலிருந்து சிட்டிபாபு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும், குறிப்பாக நான், நலம். தாங்களும் என் தங்கை சுகாசினியும் நலமாயிருக்கக் கர்த்தரையும் காமாட்சியையும் சேர்த்தே கேட்டுக்கொண்டேன். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, ஆகவே கடிதம்.

லீவுக்கு இங்கே வந்திருக்கும் உங்கள் மகள் திரிஷா பதினாறு வயதில் எந்நேரமும் கொலை, பிணம் என்றே பேசுகிறாள், அவள் மனதை நான் மாற்றாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போய், கதை எழுதுகிற லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று கத்தினீர்கள். மச்சான், நான் எட்டாவதை இரண்டு முறை படித்தவன், பத்தாவதுக்குச் சமம். மனோதத்துவம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விசாரித்ததில், அவளும் என் பையன் விக்ரமும் சேர்ந்து எழுதுவது ஒரு திகில் நாவல். கொலை என்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிற நாலு பள்ளிப் பிள்ளைகள், ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நான் பெருந்தன்மையாக, "என்னையே கொன்னுக்கம்மா" என்றேன். அவள் மேலும் கீழும் பார்த்து, "உங்கள கொல்ல யாருக்குமே காரணம் இல்ல மாமா. படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க" என்றாள். என் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! என் மனைவி கங்கையம்மாள் மட்டும் அடுப்படியிலிருந்து, "என்னக் கேளும்மா, நெறைய இருக்குது" என்றாள்.

பிணத்தைப் பார்த்தால் மனிதர் எப்படிப் பயப்படுவார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமாம். மறுநாள் காலை இருவரையும் நான் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைப் பாலாற்று மணலுக்கே போய்விட்டேன். சட்டையெல்லாம் ரத்தத்துக்குப் பதில் பட்டுக்குப் போடுகிற அரக்குச் சாயம். நான் செத்துக் கிடந்த அழகு இருக்கிறதே, காக்காயே நம்பி வந்து காலில் உட்கார்ந்தது. பிள்ளைகள் புதருக்குப் பின்னால். அந்த வழியாக நடைக்கு வந்த தறிக்காரர் குமாரவேல் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மூச்சை அடக்கிக்கொண்டு ரசித்தேன். அதோடு விட்டாரா? "ஐயோ சிட்டிபாபு, தங்கமான மனுசன்பா நீ! கடைசி வரைக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலே போய்ட்டியே!" என்றார்.

பிணத்துக்கும் மானம் உண்டல்லவா? எழுந்து உட்கார்ந்து, "யாருக்குய்யா ரிவர்ஸ் தெரியாது?" என்றேன். அந்த அலறல் வாலாஜாபாத் வரைக்கும் கேட்டதாகப் பேச்சு. இரண்டு டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் என்னைத் தொட்டே பார்த்தார். திரிஷா குதிக்கிறாள்: "இதான் மாமா கதையே! செத்தவனப் பத்திப் பொய் சொன்னா, அவன் எழுந்து உக்காருவான்!"

நேற்று அதை எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். தெருவே எங்கள் வாசலில். கங்கையம்மாள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கப்புறம் இதுதான் முதல் தடவை. ஆகவே மச்சான், திரிஷா முழுக்கத் திருந்திவிட்டாள், கொலை என்ற சொல்லே வாயில் வருவதில்லை. தாங்கள் அலைந்து வரவேண்டாம், லேப்டாப்பைத் தொடவும் வேண்டாம்.

சுகாசினிக்கு அண்ணனின் ஆசிகள். தங்கள் ரத்தக்கொதிப்பு இறங்க வாழ்த்தும்,
சிட்டிபாபு

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். இரண்டாவது பிணம் தேவைப்படுகிறது. குமாரவேல் ஆசையாகக் கேட்டும் திரிஷா தரவில்லை. "அது எங்கப்பாவுக்கு வெச்சிருக்கேன். லேப்டாப்பப் பூட்டுறேன்னாரில்ல, அவரக் கொல்ல நல்ல காரணம் இருக்குது" என்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். பழைய சட்டையாகப் போட்டுவரவும், அரக்குச் சாயம் துவைத்தால் போகாது.