மீனுக்குப் பழகின முகம்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், சகலை வீட்டிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்ததால் மனதுக்குள்ளேயே எடுத்தேன். என் பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் எடுக்கப்படும். முக்கால்வாசி வெளியே வராமலே இருந்துவிடும். இது வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

சகலை கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்கா கணவர். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று நோட்டில் எழுதுகிற வேலை. முப்பது வருடம் இதையே எழுதி எழுதி, மனிதருக்குப் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

"நேத்து பல் டாக்டர்கிட்ட போனேன் சகலை. ஒன்பது நாப்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஒன்பது நாப்பத்தேழுக்கு முக்குல வண்டியெல்லாம் நின்னு போச்சு. அது நகர ஒன்பது அம்பத்தொண்ணு. இல்ல, இருங்க. அம்பத்திரண்டு."

அந்த ஒரு நிமிடம் சரியாகும்வரை கதை நகராது. அவர் பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு தட்டில் விழுந்துவிடும்.

நான் வெந்நீர் ஹீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெந்நீர் வராதவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டு 'ம்' கொட்டுவதுதான் என் தொழில். ஏழாவது நாள் யாரும் பேசாத ஓர் இடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை. ஆனால் ஏழாவது நாள் காலை எட்டு மணிக்கு மனைவி கைப்பையோடு வாசலில் நிற்பாள்.

தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி என்று உடம்பில் இருக்கிற பாகங்களை எல்லாம் ஒரு சுற்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. "அக்கா வீட்லயும் கட்டில் இருக்கு, அங்க வந்து படுத்துக்குங்க" என்பாள். அங்கே போய்ப் படுத்தால் சகலை நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். உட்கார்ந்திருக்கும்போதாவது நடுவில் எழுந்து போகலாம். படுத்திருப்பவனுக்கு அந்த வழியும் கிடையாது.

எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. ஒரு திங்கட்கிழமை அதன் முன்னால் நின்றேன். ஒரு மீன் கண்ணாடி ஓரமாக வந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஒரு சத்தம் இல்லை. என் சொந்தக்காரர்களில் இப்படி ஒருவர்கூட இல்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது வரவேற்பறைப் பெண் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். வாரத்துக்கு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டுமாம். விடாவிட்டால் மீன் செத்துப்போகுமாம்.

வாரத்துக்கு ஒரு நாள். அதுவும் உயிர்ப் பிரச்சினை. என் முதுகுவலியை நம்பாதவள் பத்து மீன்களின் உயிரை நம்பித்தானே ஆக வேண்டும்?

மீன் பார்த்தால் பிளட் பிரஷர் குறையும் என்று மனைவியிடம் ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத்தான் பிரஷரே இல்லையே."

"வராம இருக்கணும்ல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி, வாங்குங்க என்றாள். மறுபேச்சே இல்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்னையே ஒத்துக்கொண்டது.

மீன் கடையை நடத்துவது ஓர் அம்மா. பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் போலப் பேசுவார். மூன்றடித் தொட்டி, சல்லிக் கல், ஃபில்டர் எல்லாம் எடுத்து வைத்தார். மீன் கேட்டேன். இன்றைக்குக் கிடையாது என்றார். தண்ணீர் முதலில் பழுக்க வேண்டுமாம். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள் ஃபில்டரில் வளர ஒரு மாதம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே தொட்டியை ஓட்டி, தினம் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட்டு வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து சல்லிக் கல்லைக் கழுவினேன். ஏழு வாளி கழுவியும் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. பதினோராவது வாளியில் தண்ணீர் தெளிந்தது, எனக்கு நிஜமாகவே முதுகுவலி வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். வழக்கம்போல நம்பவில்லை.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிர்வீட்டு வக்கீல் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தொட்டியில் சாப்பாடு தூவிக்கொண்டிருந்தேன். மனிதர் குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மீன் எங்க சார்?"

"இன்னும் வரல."

"அப்ப சாப்பாடு யாருக்கு?"

"தண்ணிக்கு."

"தண்ணி சாப்பிடுமா?"

"பழுக்குது சார். இன்னும் மூணு வாரத்துல பழுத்துடும்."

அவர் மேற்கொண்டு குறுக்கு விசாரணை செய்யவில்லை. போகும்போது என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா வந்து கொஞ்ச நாள் கூட இருக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மாதம் முடிந்ததும் மீன் வந்தது. வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாங்கினேன். ஆறு கப்பி, நாலு பிளாட்டி. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கிற சூடும் வெளியே இருக்கிற சூடும் ஒன்றானதும் மெல்ல அவிழ்த்துவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாட்டி நேராக வந்து என் விரலுக்கு நேரே நின்றது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வந்த காரியம் என்னவோ, எனக்கு அந்த மீன்களை நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு மனைவி கைப்பையோடு நின்றாள். நான் வாளியோடு நின்றேன். தண்ணீர் மாற்ற வேண்டும், நாள் முழுக்க வேலை, நீ மட்டும் போய்விட்டு வா என்றேன். போனாள். நான் குழாயை விட்டுக் கல்லுக்கு நடுவே இருந்த அழுக்கையும் கால்வாசித் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்தேன். முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல ஊற்றினேன். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் படுத்தேன். வீட்டில் ஃபில்டர் சத்தம் மட்டும்தான். வரி விளம்பரங்கள்வரை ஒன்று விடாமல் படித்தேன். மாலை ஆறு மணிவரை என் காதில் ஒரு மனிதக் குரல் விழவில்லை.

ஆனால் திரும்பி வந்தவள் கேள்விகளோடு வந்தாள்.

"அந்தத் தண்ணிய சனிக்கிழமை மாத்தினா என்ன?"

"ஏழு நாள் கணக்கு தப்பக் கூடாது. ஞாயித்துக்கிழமைதான மீனை விட்டோம்."

"நானும் ஒரு வாளி தூக்கறேன். சீக்கிரம் முடியும்."

"மாத்தறது பெரிசில்லம்மா. அதுக்கப்புறம்தான் இருக்கு. புதுத் தண்ணி பட்டா மீனுக்கு அதிர்ச்சி ஆகும். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கணும்."

"அப்ப நான் உக்காந்துக்கறேன். நீங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. அத்தான் பாவம், நீங்க வரலன்னு இன்னிக்குப் பூரா ஜன்னல்கிட்டயே நின்னாரு."

உடனே சமாளித்தேன்.

"யாரு வேணா உக்கார முடியாது. மீனுக்குப் பழகின முகமா இருக்கணும். புது முகத்தைப் பார்த்தா இன்னும் பயந்துடும்."

"நானும் இதே வீட்லதான இருக்கேன்?"

"நீ வேகமா நடக்கறவ. அது உன் முகத்தை முழுசாப் பார்த்ததே இல்ல."

"முகம் பழக எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம். அதுவும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாள் பூரா உக்காந்தா."

அப்படியா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். இவ்வளவு கோர்வையாக நான் ஆபீஸில்கூடப் பொய் சொன்னதில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அப்புறம் இரண்டு ஞாயிறு ராஜவாழ்க்கை. அதற்கடுத்த ஞாயிறு ஏழு ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு மணி அடித்தது. நேரத்தை நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் சகலைதான் சொன்னார்.

கையில் ஒரு பை. பையில் சாப்பாட்டு டப்பா, படிக்கிற கண்ணாடி, உட்கார ஒரு தலையணை, டிப்போ நோட்டு ஒன்று. அவருக்குப் பின்னால் அக்கா, வெளியே கிளம்புகிற அலங்காரத்தோடு. எனக்குப் பின்னால் என் மனைவி, அதே அலங்காரத்தோடு.

"உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா இந்த மீன் கதி என்னங்க ஆகும்?" என்றாள் மனைவி. "இன்னொரு முகம் பழக்கி வச்சுக்கறது நல்லது. நான் வேகமா நடக்கறவ. அத்தான்னா ஒரே இடத்துல உக்காருவாரு."

எட்டு மணிநேரம் வேண்டுமானாலும் உட்காருவார் என்று அக்கா உறுதி கொடுத்தார். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது.

சகலை தலையணையைப் போட்டு உட்கார்ந்து, மீன்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் பேச்சில்லை. மீன்கள் அவரையும் அடக்கிவிட்டன என்று நினைத்து நான் பேப்பரைப் பிரித்தேன்.

"எட்டு பன்னெண்டுக்கு அந்த ஆரஞ்சு இடது மூலையை விட்டுக் கிளம்புச்சு சகலை. எட்டு பதிமூணுக்கு வலது மூலை. எட்டு பதினாலுக்குத் திரும்பிடுச்சு. நடுவுல எங்கயும் நிக்கல."

நோட்டைத் திறந்து கோடு போட ஆரம்பித்தார். பத்து மீனுக்குப் பத்துப் பத்தி. முப்பது வருடம் பஸ்ஸுக்குச் செய்ததை அவர் மீனுக்குச் செய்தார். ஒரே பாதையில் போகாமல் குறுக்கே திரும்பிய கப்பியை ரூட் மாறிப் போகிறது என்று கண்டித்தார். செடிக்குப் பின்னால் போய் நின்ற மீனுக்கு 'பழுது' என்று எழுதினார். எல்லாவற்றையும் எனக்கு உடனுக்குடன் வாசித்துக் காட்டினார். நான் 'ம்' கொட்டினேன். மாலை ஆறு மணிக்கு அக்காவும் தங்கையும் சினிமா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தபோது, என் தண்ணீர் மாற்றும் வேலை எட்டு முப்பதுக்கு ஆரம்பித்து ஒன்பது எட்டுக்கு முடிந்தது என்பதையும் சேர்த்து வாசித்தார். முப்பத்தெட்டே நிமிடம். மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நடுவில் கப்பி குட்டி போட்டது. பத்து மீன் முப்பத்தேழு மீன் ஆயிற்று. எனக்குத் தலை சுற்றியது. சகலை பெரிய நோட்டாக வாங்கி வந்தார். மீன்களுக்கு உங்க முகம் நல்லாவே பழகிப்போச்சு சகலை, இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆறு மாசம்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? இது எட்டாவது வாரம். இன்னும் பதினெட்டு இருக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இனித் தாங்காது, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றிவிட்டது.

"மீனுக்கு அதிர்ச்சியும் வராது, ஒண்ணும் வராது. யாரும் பக்கத்துல உக்கார வேண்டாம். எந்த முகமும் வேண்டாம். நான் சொன்னது பொய்."

"தெரியும். நீங்க சொன்ன மறுநாளே மீன் கடை அம்மாகிட்ட போய்க் கேட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

கத்தியைக் கீழே வைத்தாள். "பன்னெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா அக்காவும் நானும் அடுப்படியில நின்னு உங்க ரெண்டு பேருக்கும் சமைச்சுப் போட்டோம். சேர்ந்து ஒரு சினிமா பார்த்ததில்ல, ஒரு கடைவீதிக்குப் போனதில்ல. அத்தானை எங்க விடறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. நீங்களே தொட்டி வாங்கி வச்சீங்க."

அவள் முகத்தைப் பார்த்தால் கோபம் துளி இல்லை. நிஜமான நன்றி தெரிந்தது. நான் கெஞ்ச ஆரம்பித்தேன். நாளைக்கு நாம் இரண்டு பேருமே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், பழைய மாதிரி. நான் ஏழு மணிக்கே குளித்துத் தயாராகி நிற்கிறேன். சமையலில்கூட உதவி செய்கிறேன். நாலு மணிக்குத் திரும்பிவிடலாம். தண்ணீரைத் திரும்பி வந்து மாற்றிக்கொள்கிறேன்.

"அக்கா வீடு பூட்டியிருக்குமே. நாங்க படகு ஓட்டப் போறோம்."

"பூட்டியிருக்குமா? அப்ப உங்க அத்தான்?"

"ஏழு மணிக்கே இங்க வந்துடறேன்னு சொல்லியிருக்காரு. எட்டு மணிக்கு வந்தா மீனோட காலை டிரிப்பெல்லாம் விட்டுப்போகுதாம்."