மூன்று வகை 'இஃப்'பும் உங்கள் தங்கையும்

லக்ஷ்மிபாய் நகர்,
புது டெல்லி.
24-11-1998

மன்னார்குடி ஶ்ரீ கல்யாணராமன் அண்ணாவுக்கு, டெல்லியிலிருந்து ராமசுப்ரமணியன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை விசாலம், குழந்தை ஹம்சா மூவரும் சௌக்கியம். குளிர் வந்துவிட்டது, ரஜாய்ப் பஞ்சுப் போர்வைகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. அங்கே மன்னிக்கு முழங்கால் வலி குறைந்து, நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். க்ஷேமலாபம் முடிந்தது. இனி விஷயம்.

நாங்கள் டிசம்பரில் டெல்லியைக் காலி செய்து வருவதற்காக மாடிப் போர்ஷனுக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதே கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் குறுக்காக, 'ஐம்பது வயதில் விசாலத்துக்கு இங்கிலீஷ் கிளாஸ் எதற்கு?' என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்த இங்கிலீஷ் கிளாசினால் நாங்கள் டிசம்பரில் வரவில்லை, ஏப்ரலில் வருகிறோம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், காப்பி குடித்துவிட்டுப் படியுங்கள்.

நான் ஏப்ரல் முப்பதாம் தேதி ரிடையர் ஆனதும், மே மாதம் சர்க்கார் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக்கியதும் உங்களுக்குத் தெரியும். ரிடையர் ஆனபின் குவார்ட்டர்ஸில் இருக்க அனுமதித்த மாதங்கள் ஆகஸ்டோடு தீர்ந்து, நவம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி ஓலை வந்தது. ஹம்சாவுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. நடுவில் மன்னார்குடிக்கு அழைத்து வந்தால் வருஷம் போய்விடும். நான் எட்டு மனுக்கள் எழுதினேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் நான் கற்ற இங்கிலீஷ் அத்தனையையும் அவற்றில் இறக்கியிருந்தேன். 'கீழே கையொப்பமிட்டவர் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்று தொடங்கினால் மூச்சு விடாமல் ஒன்றரைப் பக்கம் போகும், எங்கேயும் 'நான்' என்ற சொல் வராது. ஏழு மனுக்களுக்கு 'இயலாது' என்று ஒரு வரி பதில். எட்டாவதற்கு அதுகூட இல்லை, நேரில் வந்து காரணம் சொல்லும்படி ஒரு தேதி வந்தது. பதினெட்டாம் தேதி, புதன்கிழமை.

இதற்கு நடுவில்தான் கிளாஸ். இந்திராணி என்று ஒரு பெண், மதுரைப் பக்கம், புருஷன் விமானப் படையில் இருக்கிறார், சனிக்கிழமை மத்தியானம் காலனி ஹாலில் பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எதிர் வீட்டம்மாளுக்குத் துணையாகப் போன விசாலம் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டாள், எதிர் வீட்டம்மாள் இரண்டாவது வாரமே நின்றுவிட்டாள். செப்டம்பரில் 'இஃப்' பாடம் வந்தது. இங்கிலீஷில் 'இஃப்' மூன்று வகையாம். நடக்கக்கூடியது ஒன்று, வெறும் கற்பனை ஒன்று, கைவிட்டுப் போனது ஒன்று. நான் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் 'இஃப்' எழுதியிருக்கிறேன், அது மூன்று வகை என்று எந்த அண்டர் செக்ரட்டரியும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் வகையில் நான் அகப்பட்டது முருங்கைக்காயால். ஒரு நாள் காலை விசாலம் என் முன்னால் நின்று, "இஃப் யூ கோ டு ஐ.என்.ஏ. மார்க்கெட், யூ வில் கெட் முருங்கைக்காய்" என்றாள். நான் யோசித்துப் பார்த்து, வாக்கியத்தில் பிழை இல்லை, விஷயத்திலும் பிழை இல்லை என்று கண்டு, "கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "இன்னும் போகலையா?" என்றாள். "போனால் கிடைக்கும்னுதானே சொன்னே, போன்னு சொல்லலையே" என்றேன். அன்றைக்கு முள்ளங்கி சாம்பார்.

இரண்டாவது வகையில்தான், அண்ணா, நான் அசந்துபோனேன். 'நான் பிரதம மந்திரியாக இருந்தால்' என்று வீட்டுப்பாடம். விசாலம் நோட்டில், 'இரண்டாவது மாடிக்கும் தண்ணீர் ஏறும்படி செய்வேன்' என்று எழுதியிருந்தாள். அதில் 'இஃப் ஐ வேர்' என்று இருந்ததைப் பார்த்து, "ஐக்கு எப்படி வேர் வரும், வாஸ்தானே வரும்" என்று சிவப்பு மையில் சுழித்தேன். ஹம்சா எட்டிப் பார்த்து, "இல்லப்பா, அம்மா எழுதினது ஏக்தம் கரெக்ட். நிஜமா இருந்தாத்தான் வாஸ். சும்மா நினைச்சுக்கறதுன்னா வேர்" என்றாள். நம்பாமல் அடுத்த சனிக்கிழமை நானே இந்திராணியிடம் போய்க் கேட்டேன். அவள் சிரிக்காமல், "ஆமா சார். நடக்காத ஒண்ணைச் சொல்லணும்னா வினைச்சொல்லை ஒரு படி பின்னாடி தள்ளிரணும். இப்ப நடக்கலைன்னா ஒரு படி. அப்பவே நடக்கலைன்னா ரெண்டு படி. அம்புட்டுத்தான்" என்றாள். வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'நான்' நிஜமாக இருக்கிறவரை ஒருமை, இல்லாத ஒன்றாகிவிட்டால் பன்மை, மரியாதை. முப்பத்தாறு வருஷம் நிஜமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைக்காத மரியாதை. இதைக் கண்டுபிடித்தவன் சாமானியன் இல்லை.

மூன்றாவது வகை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அக்டோபரில். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. 'உங்கள் அம்மா மூன்று நாள் பொறுத்திருந்தால் நீங்கள் இரண்டு வருஷம் கூட வேலை பார்த்திருப்பீர்கள்' என்று எழுதி நோட்டைக் காட்டினாள். கணக்குச் சரிதான், என் பிறந்த தேதி ஏப்ரல் இருபத்தொன்பது, மே இரண்டாம் தேதி பிறந்திருந்தால் புது உத்தரவு என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கும். ஹம்சா விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். அடுத்த வரியையும் அதே சந்தோஷத்தோடு படித்தாள்: "இஃப் யூ ஹேட் ஃபில்ட் த ஃபார்ம், வீ வுட் ஹேவ் ஹேட் எ ஹவுஸ்."

எழுபத்தொன்பதில் டெல்லியில் சர்க்கார் கட்டி விற்கும் சொந்த வீடுகளுக்குப் பதிவு செய்தார்கள். நான் ஃபார்ம் வாங்கி வந்து, காலண்டருக்குப் பின்னால் செருகி, கடைசித் தேதியைத் தவறவிட்டவன். இத்தனை வருஷத்தில் அவள் இதைப் பற்றித் தமிழில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் அவள் முகத்தில் கோபம் இல்லை. "ஹேவ் ஹேட்னு ரெண்டு தரம் வருது பாருங்கோ, அதை நான் கரெக்டா போட்டுட்டேன். கிளாஸ்ல வேற யாருக்குமே வரலை" என்றாள். நான் "அச்சா, ரொம்ப கரெக்ட்" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கி வருவதாக வெளியே வந்துவிட்டேன். வீட்டில் பால் இருந்தது. பத்தொன்பது வருஷம் உள்ளே வைத்திருந்ததை எடுத்து வெளியே வைக்க ஒரு பாஷை இப்படி ஒரு தட்டைத் தயாராக வைத்திருக்கிறதே என்று காலனியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

பதினெட்டாம் தேதி ஆட்டோ பிடித்துப் போனோம். விசாலம் வருவானேன் என்றேன். "நீங்க மறந்துபோறதை எடுத்துக் கொடுக்கறேன்" என்றாள். நாங்கள் நின்ற அறையில் இருந்த அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார். ஃபைலைத் திறக்காமலே, ஏன் காலி செய்ய முடியாது என்று இங்கிலீஷில் கேட்டார். இதற்காக மூன்று பக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்று, "சார், த அண்டர்சைன்ட்..." என்றேன். அப்புறம் வரவில்லை. கீழே கையொப்பமிட்டவர் காகிதத்தில் இருக்கிறவர், அண்ணா. நேரில் நின்றால் அவருக்கு வாயே கிடையாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிகாரி காத்திருந்தார். மின்விசிறி போடாத அறையில் எனக்கு வேர்த்தது.

விசாலம் என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவள் எழுந்துகொண்டாள். ஹிந்தியில் பேசுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்தது காய்கறி ஹிந்தி, அதில் எதிரே நிற்கிற எல்லோரும் 'பையா', அதாவது அண்ணன். ஒரு அதிகாரியை அப்படிக் கூப்பிட முடியாது. அதனால் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. ஆகஸ்டிலேயே போயிருந்தால் பெண் பள்ளிக்கூடத்தை இழந்திருப்பாள் என்றாள். இப்போது போனால் வருஷத்தை இழப்பாள் என்றாள். பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தினாள். எனக்குத் தெரியும், வினைச்சொல்லை ஒரு படி பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"சார், இஃப் யூ வேர் ஹெர் ஃபாதர், வாட் வுட் யூ டூ?"

அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். விசாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப விசாலத்தைப் பார்த்தார். "மாஜி, இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள்?" என்று, அம்மா முறை வைத்து, ஹிந்தியில் கேட்டார். "சேட்டர்டே, சேட்டர்டே" என்றாள். அவர் சிரித்துவிட்டு, மார்ச் முப்பத்தொன்று வரை இருந்துகொள்ளுங்கள், உத்தரவு தபாலில் வரும், பெண்ணை நன்றாக எழுதச் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்ததும் விசாலம் என் சட்டைக் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். "வேர் போட்டேனோ, வாஸ் போட்டேனோ?" என்று கேட்டாள். "வேர்" என்றேன். "நன்னா கேட்டேளா?" என்றாள். "நன்னா கேட்டேன்" என்றேன். அண்ணா, இருபத்தேழு வருஷமாக என்னுடன் இருக்கிறவள். எட்டாம் கிளாசுடன் நிறுத்திவிட்டோம் என்று உங்கள் அப்பா கல்யாணத்தின்போது சொன்னார், நானும் அதை அப்படியே பதிவு செய்து ஃபைலை மூடிவிட்டேன். எட்டு மனுக்களால் ஆகாததை மூன்று வாக்கியத்தில் செய்தவள் அவள்.

ஆகையால் மாடிப் போர்ஷனை மார்ச் வரை வேறு யாருக்காவது விடுவதானால் விடுங்கள். உங்கள் ஓரக் குறிப்புக்கும் இதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளவும். மன்னிக்கும் உங்களுக்கும் எங்கள் மூவரின் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். ஹம்சா நன்றாக எழுத நீங்கள் இருவரும் அங்கிருந்தே ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ராமசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தபால்காரர் அந்த உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார். மார்ச் முப்பத்தொன்று வரை அனுமதி, சந்தேகமில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான், அது சர்வீஸ் பழக்கம். கையெழுத்துக்குக் கீழே நவம்பர் பதினாறு, திங்கட்கிழமை என்று இருக்கிறது. நாங்கள் போனது பதினெட்டாம் தேதி. என் எட்டாவது மனுவின் பேரிலேயே அனுமதித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எதற்காகக் காரணம் கேட்டார், எதற்காக அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரியவில்லை. விசாலத்திடம் மறைக்க மனம் வராமல் காட்டினேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதட்டுமா என்றும் கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தேதியை இரண்டு தரம் பார்த்தாள். "வேண்டாம், இப்படியே அனுப்புங்கோ. நல்ல வேளை, அன்னிக்கு இது எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்" என்றாள்.