சட்டை போட்ட கோழிகள்

தமிழ்மாறன் எழுந்தான். பாயைச் சுருட்டினான். பால் காய்ச்சி, ஒரு டம்ளர் மட்டும் டீ போட்டுக் குடித்தான். கொல்லைக் கதவைத் திறந்தான். தவிட்டில் நொய்யைப் பிசைந்து வைத்துவிட்டுக் கூட்டின் தாழை நீக்கினான். நான்கு கோழிகளும் வெளியே வந்தன. இறகுகள் கூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

போன் அடித்தது. திருவாரூரிலிருந்து மாமியார் கண்ணாத்தாள்.

"மாப்ள, ஞாயித்துக்கெழமை வர்றேன். கோழிங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

வாலே இல்லாமல் ஒரு கோழி அவனைக் கடந்து போனது.

போன வருஷம் மனைவி எழில்மொழி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கோழியப் பாத்துக்குங்க." அவள் திரும்பி வரவில்லை.

அவளுடைய நோயின் பெயர் தெரிந்த அன்றே அவன் உரக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். நோயாளிதான் எழுந்து அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த நாட்களில்தான் கொல்லைக்கு இந்தக் கோழிகளும் வந்தன. இப்போது படுக்க வழியில்லை. விடிந்தால் கோழிகள் கத்தும்.

காரியத்தன்றே கண்ணாத்தாள் சொல்லியிருந்தாள். "எம் பொண்ணு விட்டுட்டுப் போன சீவனுங்க. ஒண்ணு வாடுனாலும் நாலையும் தூக்கிட்டுப் போயிருவேன்."

அவன் கோழிகளைப் பார்த்தான். நான்கும் வாடித்தான் தெரிந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சாஜிதா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை. பிரசவத்துக்கு முத்துப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனவள், எழில்மொழி போன பிறகுதான் திரும்பி வந்தாள்.

"இறகு கொட்டுதாண்ணே?"

"வருஷா வருஷம் பழசக் கொட்டிட்டுப் புதுசு போடுமாம். போன்ல படிச்சேன்."

"அப்பறம் என்ன கவலை?"

"புதுசு மொளைக்கறதுக்குள்ள அத்தை வந்துருவாங்க. முட்டையும் நின்னுபோச்சு. பாப்பாவுக்குக் குடுக்க முடியல. மனசுல வச்சுக்காத."

தினமும் காலையில் குழந்தைக்கென்று முட்டை கொடுப்பான். "உங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்று வாங்கிக்கொள்வாள். அப்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஏதோ வழக்கம் என்று அவன் நினைத்திருந்தான்.

கோழிகள் அவளுக்குத்தான் அடங்கும். அவள் "பாபா" என்றால் அவளிடம் ஓடும். அவன் கூப்பிட்டால் யோசிக்கும். பொழுது சாய்ந்தால் மதில் தாண்டி அவள் கொல்லைக்குப் போய்விடும். அவனும் ஒவ்வொரு நாளும் போய் மன்னிப்புக் கேட்டுப் பிடித்து வருவான். கடைசியில் மதில்மேல் மீன்வலை கட்டினான். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் சாஜிதாதான்.

"இறகு வளர மீன் நல்லதாம்" என்றான்.

அவள் அம்மா வீட்டு நெத்திலிக் கருவாட்டை ஒரு பொட்டலம் கொடுத்தாள். இடித்துத் தீவனத்தில் கலந்தான். கோழிகள் ஆசையாகத் தின்றன. சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் மதில்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

பூனைக்குப் பயந்து கோழிகளை வீட்டுக்குள் விட்டான். நான்கில் மூத்தது பீரோ மேல் ஏறிக்கொண்டது. எதுவும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தான். வீட்டில் கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை. ஃபேனைப் போட்டான்.

அது தப்பு. ரசத்தில்கூட இறகு மிதந்தது.

எல்லாவற்றையும் கூட்டி ஒரு யூரியா சாக்கில் அடைத்து வாசலில் வைத்தான். மறுநாள் காலை அந்த வழியாக வந்த பக்கத்துத் தெரு செல்லதுரை சைக்கிளை நிறுத்திச் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"சொல்லவே இல்லியே தம்பி. எப்ப கடை போட்ட?"

"என்ன கடை?"

"அரைக் கிலோ போடு. ஈரல் சேத்து."

"இது கறிக்கடை இல்லண்ணே. இறகு தானாக் கொட்டுது."

"தானா ஒரு சாக்கு கொட்டுமா?" செல்லதுரைக்கு மனத்தாங்கல். "குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போ."

மத்தியானத்துக்குள் சேதி திருவாரூருக்குப் போய்விட்டது.

"நாலையும் அறுத்துட்டீங்களாமே மாப்ள?"

"இல்ல அத்தை, உசுரோடதான் இருக்கு."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுக்க மாட்டேன். நாளைக்கே வர்றேன்."

அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. கழுத்தும் முதுகும் வெறுமையாக நான்கும் மூலையில் நடுங்கின. தமிழ்மாறன் மதிலருகே போனான்.

"சாஜிதா, பாப்பாவுக்குப் பத்தாமப் போன சட்டை இருக்கா?"

அவள் உள்ளே போய் நான்கு குட்டிச் சட்டைகளோடு வந்தாள். ஒன்றில் முயல் படம் போட்டிருந்தது.

போட்டுவிடுவது சுலபமாக இல்லை. முளைக்கிற இறகுக் குருத்தில் கை பட்டால் வலிக்கும் போலிருக்கிறது. மேனேஜர் அவன் மணிக்கட்டில் கொத்தி ரத்தம் பார்த்தது. எப்படியோ நான்குக்கும் பொத்தான் மாட்டிவிட்டு நிமிர்ந்தான். கோழிகள் ஒன்றையொன்று பார்த்து மிரண்டன. திறந்திருந்த வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடின.

ஆட்டோவிலிருந்து கண்ணாத்தாள் இறங்கினாள். கையில் ஒரு மூடிக்கூடை. முயல் சட்டை போட்ட கோழி ஒன்று அவள் காலடியில் நின்று நிமிர்ந்து பார்த்தது.

"இது என்ன மாப்ள?"

"குளுருது அத்தை."

"யாருக்கு?"

"மேனேஜருக்கு."

கண்ணாத்தாள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. முற்றத்தில் இறகு, திண்ணையில் மழைக்கு ஒதுங்கிய பூனைகள், வாசலில் சாக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூடையின் மூடியைத் திறந்தாள்.

"புடிங்க நாலையும்."

"வேணாம் அத்தை." அவன் மேனேஜரைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். இந்தத் தடவை அது கொத்தவில்லை. "அவ கடைசியா எங்கிட்ட சொன்னது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டா நான் எதுக்கு எந்திரிக்கறது?"

"பாத்துக்கச் சொன்னா. சட்டை தைச்சுப் போடவா சொன்னா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கூடையை மூடவில்லை.

"நீங்க கொண்டுபோக முடியாதும்மா" என்றாள் சாஜிதா. குழந்தையோடு மழையில் நனைந்தபடி வாசலில் நின்றாள். மற்ற மூன்று கோழிகளும் சட்டையோடு அவள் காலைச் சுற்றி நின்றன.

"ஏன்? நீ யாரு சொல்றதுக்கு?"

"எழிலக்கா கடைசியாப் பேசினது அண்ணன்கிட்ட இல்லம்மா. எங்கிட்ட. ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குப் போன் பண்ணாங்க."

தமிழ்மாறன் நிமிர்ந்தான். "என்ன சொன்னா?"

சாஜிதா வழக்கம்போல முந்தானையால் வாயை மூடப் போனாள். முடியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"‘கோழி உன்னுதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத சாஜிதா. தெரிஞ்சா அன்னைக்கே புடிச்சுக் குடுத்துட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்குவாரு.’"