பம்மலில் ஒரு வைவா

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பொருளாதாரம் படிக்கக் கூடாது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதில் லேப் கிடையாது என்பதுதான். ஆசிட் தெறிக்காது, தவளையை அறுக்க வேண்டாம், ஷாக் அடிக்காது. மூன்று வருடம் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கோடு போட்டால் பி.ஏ. கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி, ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். (நன்றாகவே போடுவேன். ஸ்கேல் கூட வேண்டாம்.)

மூன்றாம் வருடம் ப்ராஜெக்ட் வந்தது. எங்கள் ஹெலன் மேடம் குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எங்களுக்கு நடுக்கம்.

"இந்தத் தடவை எல்லாரும் வீடு வீடா போய், நேர்ல கேட்டு எழுதிட்டு வரணும். கேன்டீன்ல உட்கார்ந்து நீங்களே ரொப்பிக்கலாம்னு நினைச்சா, எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார், என்னைப் பார்த்து.

எனக்கும் என் நண்பன் சதீஷுக்கும் கிடைத்த தலைப்பு, குடும்பங்களின் நுகர்வும் சேமிப்பும். இடம் பம்மல். போக வேண்டிய அன்று காலை சதீஷுக்குக் காய்ச்சல். "நீ ஆரம்பி மச்சான், நான் நாளைக்கு ஜாயின் பண்ணிக்கிறேன்" என்றான். சொந்த அத்தை வீட்டு காலிங் பெல்லையே அப்பாவை விட்டு அமுக்கச் சொல்லும் நான், தன்னந்தனியாக பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மேடம் பார்த்து ஓகே சொன்ன கேள்விகள் சாதுவானவை. மாதம் எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் பால், அவ்வளவுதான். ஆட்டோ குலுங்கியதில் என் மூளை வேலை செய்துவிட்டது. சேமிப்பு என்றால் தங்கத்தைச் சேர்க்க வேண்டாமா? உழைக்கும் நேரம் தெரியாமல் வருமானத்தை எப்படி அலசுவது? இரண்டு கேள்விகளைச் சொந்தமாகச் சேர்த்தேன். வீட்டில் எத்தனை பவுன் நகை இருக்கிறது? வீட்டில் இருப்பவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? (நீங்கள் சிரிக்கலாம். மேடம் என்னைப் பாராட்டப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

போதாததற்கு, தூசிக்காக மாஸ்க், வெயிலுக்காகத் தொப்பி, முதுகில் பெரிய காலிப் பை. கல்லூரி அடையாள அட்டை முந்தின நாள் சட்டைப் பையிலேயே துவைக்கப் போயிருந்தது.

முதல் வீட்டுப் பெண்மணி அரிசிக்கும் பாலுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நகையைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேரத்தைக் கேட்டதும், "எங்க வீட்ல எப்பவும் ஆள் இருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டில் பாலோடு சரி. மூன்றாவது வீட்டில் நான் பெல்லை அமுக்குவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான்காவது வீட்டில் மாடியிலிருந்து யாரோ என்னைப் போட்டோ எடுத்தார்கள். தெருவே அடங்கிப்போயிருந்தது. வெயிலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது.

அந்தத் தெருப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தொப்பியும் மாஸ்க்குமாக என் படம் அதில் ஏறி, என்னைவிட வேகமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது ஒரு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். செல்வி அக்கா என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"சர்வே தம்பியா? உள்ள வந்து உட்காருங்க. டீ போடறேன்."

அப்படியொரு இனிமையான குரல். கிரில் போட்ட வராண்டாவில் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். "போன் கொஞ்சம் குடுங்க தம்பி, ஒரு கால் பண்ணிட்டுத் தரேன்" என்றார். கொடுத்தேன். அவர் வெளியே போய், கிரில் கதவை இழுத்து, பூட்டுப் போட்டார்.

"வாங்க எல்லாரும். மாட்டிக்கிட்டான்."

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. அந்த மாதம் முழுக்க, பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான், தப்பான ஆளைப் பிடித்து அடித்துவிட்டார்கள் என்று போன்களில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நானும் படித்திருந்தேன். தப்பான ஆளுக்கு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிந்தது. விக்கல் வந்துவிட்டது. பயந்தால் எனக்கு விக்கல் வரும்.

முன்வரிசையில் கிரிக்கெட் ஸ்டம்ப்போடு லுங்கி கட்டிய ஒருவர். எல்லாரும் அவரை பாபு அண்ணா என்றார்கள்.

"இன்னாபா, வூட்ல எவ்ளோ நகை கீதுன்னு கேட்டியாமே?"

"இல்லண்ணா, ஹிக், நான் ஸ்டூடன்ட். எகனாமிக்ஸ்."

"ஐடி கார்டு எங்க?"

"துவைக்க, ஹிக், போட்டுட்டாங்க."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. செல்வி அக்கா, "ஏய் திவ்யா, நீ ப்ளஸ் டூல எகனாமிக்ஸ்தானே படிக்கிற? கேளுடி அவனை" என்றார்.

ரெட்டைப் பின்னலோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஹெலன் மேடத்துக்கு அப்புறம் நான் அவ்வளவு பயந்தது அவளைப் பார்த்துத்தான்.

"டிமாண்ட் கர்வ் எப்படி இருக்கும்?"

அப்பாடா என்றிருந்தது. மூன்று வருடமாகப் போட்ட கோடு. வாயில் வார்த்தை வராததால், விரலால் காற்றிலேயே போட்டுக் காட்டினேன். இடது மேலிருந்து வலது கீழே, அழகாக இறங்கும் கோடு.

திவ்யா உதட்டைப் பிதுக்கினாள். "தப்பு. இது ஏறுது. இது சப்ளை கர்வ்."

அவள் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் இடது அவளுக்கு வலது. நான் இறக்கிய கோடு அவள் கண்ணுக்கு ஏறியிருந்தது. இதை விளக்க வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது.

"பொய்யி" என்றார் பாபு அண்ணா. ஸ்டம்ப் கிரில்லில் டங்கென்று விழுந்தது. "படிக்கிற பையனாம். அப்பன் நம்பர் சொல்லு."

முதலில் ஹெலன் மேடத்தின் நம்பரைக் கொடுத்தேன், போட்டார்கள். வகுப்பில் இருந்தார் போல, எடுக்கவில்லை. பிறகு என் பெயரையும் அப்பாவின் நம்பரையும் சொன்னேன். பாபு அண்ணா தன் போனில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அப்பா கணக்கு வாத்தியார். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்ப்பவர். அதற்கு முந்தின வாரம்தான் அவருடன் வேலை பார்க்கும் ஒருவரிடம், உங்கள் பையனைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று போனில் மிரட்டிப் பணம் பறித்திருந்தார்கள்.

"சார், கிங்ஸ்லின்றது உங்க பையனா? அவனைப் பிடிச்சு வச்சிகினு கீறோம்."

அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எனக்குப் பையனே இல்லைங்க. ராங் நம்பர்."

கட். மறுபடி போட்டார்கள். "அப்படி ஒருத்தன் இருந்தாலும் அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். சைபர் கிரைம்ல சொல்லிடுவேன், வைடா போனை" என்றார் அப்பா.

கூட்டத்தில் ஒரு பெரியவர் உச்சுக்கொட்டினார். பாபு அண்ணா லுங்கியை மடித்துக் கட்டினார். பூட்டைத் திற என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். என்னைக் காப்பாற்ற இருந்த அந்தக் கிரில்லை நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் செய்யப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது செல்வி அக்காவின் கையிலிருந்த என் போன் அடித்தது. திரையில் அம்மா. அப்பா நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பையன் பத்திரமா என்று பார்க்க அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அக்கா எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு, திருடன், நகை, பூட்டு என்று மொத்தத்தையும் சொன்னார்.

"திருடனா?" என்றாள் அம்மா. "அவனுக்கு விக்கல் வருதா பாருங்க."

"வருது."

"அப்போ எங்க பையன்தான். ஏங்க, திருடறதுக்கு ஒரு தைரியம் வேணாங்களா? கரப்பான் பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நின்னு என்னைக் கூப்பிடுவான். இடி இடிச்சா இன்னைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து படுத்துக்குவான். அவனா உங்க வீட்ல பீரோவை உடைக்கப்போறான்?"

தெரு சிரித்தது. முதலில் திவ்யா, அப்புறம் செல்வி அக்கா, கடைசியில் பாபு அண்ணா. அம்மா நிறுத்தவில்லை. ஊசி போடப்போன ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்ட கதையையும் சொன்னாள். போதும்மா என்று நான் கெஞ்சியது எடுபடவில்லை. என் மானம் போகப் போக, கூட்டத்தின் முகம் இளகிக்கொண்டே வந்தது. இடி கதையிலேயே பூட்டு திறந்துவிட்டது.

பாபு அண்ணா ஸ்டம்ப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "பேஜாராயிடுச்சி தம்பி. மனசுல வெச்சிக்காத." செல்வி அக்கா நிஜமாகவே டீ போட்டார். தெருவே வரிசையாக வந்து அரிசியும் பாலும் சொன்னது. நகையை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திவ்யாவை என் பக்கம் வந்து நிற்கச் சொல்லி மறுபடி கோடு போட்டுக் காட்டினேன். "இப்போ கரெக்ட்ணா" என்றாள், பெரிய மனதோடு.

ஹெலன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சேர்த்த இரண்டு கேள்விகளையும் இரண்டு தடவை படித்தார். பிறகு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் போய்விட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாதான் ரொம்ப நாள் வருந்தினார். கணக்கு வாத்தியார் இல்லையா, வருந்திவிட்டு ஒரு விதிமுறை கொண்டுவந்தார். தெரியாத நம்பரிலிருந்து நான் பேசினால், நான்தான் என்பதற்கு நிரூபணம் தர வேண்டும்.

போன மாதம் வேலையில் சேர்ந்த முதல் நாள், என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு லேட்டாகும் என்று சொல்ல மேனேஜரிடம் போன் கேட்டேன். அவர் எதிரிலேயே பேசினேன்.

"அப்பா, நான் கிங்ஸ்லி பேசறேன்."

"அப்படியா? எங்க, ஒரு விக்கல் விடு பார்ப்போம்."

"அப்பா, ஆபீஸ்ல இருக்கேன்பா."

"எனக்குப் பையனே இல்லைங்க."

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. வேறு வழியில்லை, விட்டேன்.

மேனேஜர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "தண்ணி குடிங்க கிங்ஸ்லி, முதல் நாள் எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றார்.