சத்தமில்லாமல் மூடும் கதவு

மனித குலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தது எந்த மானியக் குழுவின் அனுமதியும் இல்லாமல்தான். அந்த அவமானத்தைத் துடைப்பதற்காகவே எங்கள் 'தொழில் ஆராய்ச்சி மற்றும் சோதனை மேம்பாட்டு மானியக் குழு' தோன்றியது. நான் அதன் செயலாளர். பதினோரு ஆண்டுகளில் ஒரு கண்டுபிடிப்பைக்கூட விதி மீறி நடக்க நாங்கள் விட்டதில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். அதன் கனத்த இரும்புக் கதவுகள் காற்றடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். அப்படி ஒரு கதவில் என் மச்சானின் மகளுக்கு விரல் நசுங்கி நகம் போய்விட்டது. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பட்டறை வைத்திருப்பவர். பிள்ளை அழுததைத் தாங்க முடியாமல் மூன்றே வாரத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கருவி செய்துவிட்டார். அதை மாட்டினால் எவ்வளவு கனத்த கதவும் கடைசி நாலு விரற்கடையில் நின்று, சற்று யோசித்து, சத்தமே இல்லாமல் மூடும். பள்ளியின் நாற்பது கதவுகளுக்கும் ஒரே மாதிரி வார்த்தெடுக்க அவருக்கு ஓர் அச்சு வேண்டும். அதற்காக எங்களிடம் விண்ணப்பித்தார். உறவினர் என்பதால் கூடுதல் நேர்மையோடு, அதாவது கூடுதலாக எட்டு மாதம் கழித்து, அவரை அழைத்தேன்.

எங்கள் கூட்ட அறைக் கதவிலேயே அதை மாட்டிக் காட்டினார்.

"எங்கே, மூடிக் காட்டுங்க" என்றார் குழுத் தலைவர்.

"மூடியாச்சுங்க."

தலைவர் திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வேலை செய்யுதே."

"ஆமாங்க."

"அப்புறம் இதுல ஆராய்ச்சி எங்கே இருக்கு? செயலாளர், விதி ஏழைப் படிங்க."

படித்தேன்: "முடிவு நிச்சயமற்ற முயற்சிகளுக்கே மானியம்."

"உங்க முடிவு ரொம்ப நிச்சயமா இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வாங்க" என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு.

மாலையில் மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"குறைக்கிறதுன்னா என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஒழுங்கா வேலை செய்யாத ஒண்ணைச் செஞ்சு கொடுங்க. மானியம் வாங்கி மூணு வருஷத்துல சரி பண்ணிக்கலாம்."

"சரியா இருக்கிறதைக் கெடுத்துட்டு, திரும்பச் சரி பண்ணணுமா?"

"அதுதான் ஆராய்ச்சி."

என் மனைவி குறுக்கிட்டாள். "பிள்ளைக்கு நகம் போயிருக்கு. நீங்க விதி பேசுறீங்க."

"நகம் போனா வளரும். விதி போனா வளருமா?" என்றேன். அவள் என் முன்னால் தட்டை வைத்த சத்தத்துக்கு இன்னும் கருவி கண்டுபிடிக்கப்படவில்லை.

மச்சான் பாவம், முயன்றார். ஒரு சுருள்வில்லைக் கழற்றிப் பார்த்தார்; கதவு முன்னைவிட அழகாக மூடியது. ஒரு பக்கத்தை அரத்தால் ராவினார், அப்போதும் மூடியது. "கை வர மாட்டேங்குது மாப்பிள்ளை" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குழு கைவிடவில்லை. 'தோல்வி ஆலோசகர்' ஒருவரை அனுப்பியது. அவர் தொட்ட அன்றே கதவு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. குழு எழுந்து நின்று கைதட்டியது. மானியம் கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. நானூறு பக்க அறிக்கை வந்தது. முடிவில், கருவி முதல் நாள் இருந்த நிலையை ஏறக்குறைய எட்டிவிட்டது. அச்சு மட்டும் கிடைக்கவில்லை. அச்சு என்றால் உற்பத்தி. உற்பத்தி ஆராய்ச்சி ஆகாது.

போன வாரம் மச்சான் கூட்ட அறைக்கே வந்தார்.

"இந்தக் கதவுல மாட்டினதையாவது கழற்றிக் கொடுங்க. ஒண்ணாம் வகுப்புக்கு மட்டுமாவது மாட்டுறேன். நேத்து இன்னொரு பிள்ளைக்கு விரல் போச்சு."

"அது இப்ப அரசு ஆவணம் மச்சான். வெளியே போகக் கூடாது" என்றேன்.

அவர் திரும்பி வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. அடடா, என்ன வேலைப்பாடு. மச்சானின் கருவி அவ்வளவு நேர்த்தியாக மூடுவதால்தான், எதிரே எந்தப் பிள்ளை கத்தினாலும் எங்களுக்குக் கேட்பதில்லை.